பரம்புக்காரியின் பிறந்த வீடு

மூன்றாவது தீக்குச்சியும் விரலைச் சுட்டுவிட்டு அணைந்தபோது வடிவு கேஸைத் திருகி மூடினாள். ஜன்னலைத் திறந்துவிட்டு, பிணங்கிக்கொண்ட ஆளைப் பார்ப்பதுபோல அடுப்பைப் பார்த்தாள்.

“சிலிண்டர் தீந்திருக்கும்” என்றாள் பின்வாசலிலிருந்து அவளுடைய அம்மா கோமதி.

“முந்தாநாத்துதானம்மா மாத்தினோம். வாடை அடிக்கில்லா.”

“அப்ப குச்சி நமுத்திருக்கும்.”

“குச்சி எரியுது. அடுப்புதான் எரியமாட்டேங்கு.”

உண்மைதான். குச்சியின் நெருப்பு பர்னருக்கு மேலே போய் நின்றது, கீழேயிருந்து வாயு வந்து அதைத் தொட்டது, இரண்டும் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த முன்பின் தெரியாதவர்கள்போல ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் விலகிக்கொண்டன. கோமதி வந்து முயன்றாள், சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு இன்னொருமுறை முயன்றாள், பிறகு கொல்லையில் துருப்பிடித்துக் கிடந்த விறகடுப்பை இழுத்துப்போட்டுக் காய்ந்த பனையோலையைக் கொளுத்தினாள். தரையில் கிடந்தவரை ஓலை சடசடவென்று எரிந்தது. அடுப்பின் வாய்க்குள் தள்ளியதும் யாரோ ஊதி அணைத்ததுபோல அவிந்து ஒரு கோடு புகையைவிட்டது.

தெருவுக்கு வந்து பார்த்தால் கீழத்தெருவில் ஏழெட்டு வாசல்களில் பெண்கள் தீப்பெட்டியும் கையுமாக நின்றுகொண்டிருந்தார்கள். எல்லா வாசலிலும் இல்லை. ஒரு வீட்டில் தோசை சுடும் சத்தம் கேட்டது, அடுத்த வீட்டில் இல்லை, அதற்கடுத்த இரண்டில் இல்லை, அப்புறம் ஒன்றில் குக்கர் கூவியது. மேலத்தெருவிலும் இதே கதைதான் என்று பால்காரர் சொன்னார். சர்ச்சுக்குப் பக்கத்தில் உபதேசியார் வீட்டில் எரியவில்லை, செங்கல் சூளையில் வேலை பார்க்கும் பீகார்க்காரர்களின் தகரக் கொட்டகைகளில் சுனிதா என்ற பெண்ணின் கொட்டகையில் மட்டும் எரியவில்லை, போஸ்ட்மாஸ்டரம்மாவின் இண்டக்‌ஷன் அடுப்பில் எண் வந்தது, சூடு வரவில்லை. பீடி பற்றியது, கோயிலில் சூடம் பற்றியது, குத்துவிளக்கு பற்றியது. செய்யது டீக்கடையில் பாய்லர் வழக்கம்போலக் கொதித்தது. வீட்டு அடுப்புதான் பற்றவில்லை, அதுவும் சில வீட்டில்தான்.

கேஸ் கம்பெனியிலிருந்து ஜெபராஜ் என்ற மெக்கானிக் பைக்கில் வந்து, வடிவின் வீட்டிலிருந்து சுனிதாவின் கொட்டகைவரை ட்யூபை மாற்றினான், ரெகுலேட்டரை மாற்றினான், பர்னரைக் கழற்றிப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தான். அவன் கையிலும் பற்றவில்லை. “அடுப்புக்குத்தான் கோளாறு” என்று சொல்லிவிட்டுப் போனான். வடிவின் அடுப்பைத் தூக்கிக்கொண்டுபோய் எதிர்வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தால், அவள் லைட்டரை ஒருதடவை அழுத்தினதும் நீலமாகப் பூத்தது.

அன்று வடிவு வேலைக்குப் பழைய சோற்றைத்தான் கரைத்துக் குடித்துவிட்டுப் போனாள். ஊருக்குத் தெற்கே பரம்பில், ஒன்றும் விளையாத அந்தச் சரளை மேட்டில், பூமிக்குள்ளிருந்த முதுமக்கள் தாழிகளைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளூர்ப் பெண்கள் சிலருக்கு மண் சலிக்கும் வேலையும் பிரஷ் போடும் வேலையும் கிடைத்திருந்தது. வடிவின் கை பதறாத கை என்பதால் எலும்புப் பக்கம் அவளைத்தான் விடுவார்கள். முந்தினநாள் சாயங்காலம் மூடி உடையாத ஒரு பெரிய தாழியைத் திறந்தபோதும் அவள்தான் உள்ளே குனிந்திருந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த வாக்கில் ஒரு எலும்புக்கூடு, பக்கத்தில் அடிகரிந்த சின்னச் சட்டி ஒன்று, கொஞ்சம் உமி. ஆராய்ச்சிக் குழுவின் தலைவி ஃபரீதா, மேலிருந்து கைகொடுத்து வடிவைத் தூக்கிவிட்டுத் தான் இறங்கி, மண்டையோட்டில் காதுக்கு உள்பக்கமாக இருக்கும் ஒரு துண்டு எலும்பை மட்டும் எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்தாள். உடம்பிலேயே கெட்டியான எலும்பு அதுதான், எத்தனை காலமானாலும் அதற்குள் ஆளின் மரபு அழியாமல் இருக்கும் என்று அவள் சொன்னாள்.

அன்று வடிவு போய் அடுப்பு விஷயத்தைச் சொன்னபோது ஃபரீதா சிரிக்கவில்லை. “எனக்கும் காலையில பால் காயல” என்றாள். “வாட்ச்மேன்கிட்ட கொடுத்துக் காய்ச்சச் சொன்னேன். அவருக்குக் காஞ்சுது.”

வடிவு வீடு திரும்பியபோது அதற்குள் ஊரே அதற்குப் பெயர் கண்டுபிடித்திருந்தது. சாவு விழுந்த வீட்டில் பிணம் எடுக்கிறவரை அடுப்பு மூட்டமாட்டார்கள். பரம்பில் ஒரு பிணம் எடுக்கப்படாமல் கிடக்கிறது. ஆகையால் அதற்கு நெருங்கின பங்காளி வீடுகளில் அடுப்பு தானாகவே தன்னை நிறுத்திக்கொண்டுவிட்டது. இதைச் சொன்னவர் மேலத்தெரு கைலாசம். ஊரில் யாருக்கு யார் என்ன முறை என்பதை வேர்வரை சொல்லக்கூடியவர் அவர்தான், கல்யாணப் பத்திரிகை எழுதுகிறவர்கள் பெயர்களின் வரிசைக்கு அவரிடம்தான் வருவார்கள். அவர் வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. அதைச் சொல்லும்போது குரலில் துக்க வீட்டுக்காரரின் தணிவு வந்திருந்தது.

“எத்தனையாம் தலைமுறைப் பிணம் அண்ணாச்சி அது?” என்று செய்யது கேட்டார்.

“எத்தனையாம் தலைமுறையா இருந்தா என்னவே. பிணம் பிணந்தான.”

அப்படியாக அந்த ஆடி மாதத்திலிருந்து ஊர் இரண்டாகப் பிரிந்தது, ஆனால் அதுவரை பிரிந்திருந்த கோட்டில் பிரியவில்லை. துக்க வீட்டுக்குப் பங்காளியல்லாத சொந்தம்தான் சோறு கொண்டுபோக வேண்டும் என்பதால், எரிகிற வீடுகள் எரியாத வீடுகளுக்குச் சோறு ஆக்கின. முதல் இரண்டு நாள் மேலத்தெருவில் எரிகிற வீடுகள் மேலத்தெருவுக்கும் கீழத்தெருவில் எரிகிற வீடுகள் கீழத்தெருவுக்கும்தான் கொடுத்தன. மூன்றாம் நாள் மேலத்தெருவில் கை ஓய்ந்துபோயிற்று, பசி தெரு பார்க்கவில்லை. தூக்குச் சட்டிகள் முதலில் துண்டுக்கடியில் மறைந்து போயின, பிறகு வெளியே தெரியும்படி போயின, பிறகு ஒருநாள் உபதேசியார் வீட்டுக்குப் போகவேண்டிய புளிக்குழம்பு தவறிச் சூளைக்குப் போய், சூளைக்குப் போகவேண்டிய ரொட்டி கைலாசத்தின் வீட்டுக்கு வந்து, அவர் அதைப் பிய்த்து மோரில் முக்கித் தின்றுவிட்டு, “உப்புப் போடல, ஆனா மாவு நல்லாப் பிசைஞ்சிருக்கா” என்றார். சுனிதாவுக்கு அடுப்பு எரியாததால் அவளும் பங்காளியா என்று சிலர் முணுமுணுத்தார்கள். அடுப்பு சொன்னபிறகு நாம் யார் என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். அவள் தெருவழியே போகும்போது குழந்தைகள் அவளைச் சித்தி என்று கூப்பிட ஆரம்பித்தன.

ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று. ஐப்பசி மழையில் பரம்பின் குழிகளுக்குத் தகரக்கூரை போட்டார்கள். பெண்ணென்று எலும்பைப் பார்த்தே ஃபரீதா சொல்லியிருந்ததால், உள்ளே இருந்தவளுக்குப் பரம்புக்காரி என்று பெயர் விழுந்திருந்தது. எரியாத வீட்டுப் பெண்களுக்கு முதலில் கை கால் ஓடவில்லை, பிறகு கொஞ்சம் தூக்கம் வந்தது, பிறகு சாயங்காலங்களில் செய்யது கடை முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ வாங்கிக் குடித்தார்கள், அதையும் ஊர் பார்த்துப் பழகிக்கொண்டது.

பழகிக்கொள்ள முடியாமல் போனது இரண்டு பேருக்குத்தான். வடிவுக்கும் கைலாசத்தின் இளையமகன் தளவாய்க்கும் ஆனியில் நிச்சயம் ஆகியிருந்தது, தையில் கல்யாணம். தளவாய் மினிபஸ் ஓட்டினான். பரம்புக்குப் போகிற வேலைக்காரப் பெண்களை அவன் பஸ்தான் இறக்கிவிடும், வடிவு இறங்குகிற இடத்தில் மட்டும் அது ஒரு நிமிஷம் கூடுதலாக நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டு தெருவுக்கும் கொள்வினை கொடுப்பினை இல்லாமல் வெகுகாலம் ஆகியிருந்தது. கைலாசம் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்து, மனதுக்குள் இரண்டு குடும்பத்தின் வேரையும் தோண்டிப் பார்த்து, எங்கும் முறை இடிக்கவில்லை என்பதைக் கண்டு, வேறு வழியில்லாமல் தட்டு மாற்றியிருந்தார்.

இப்போது இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை.

கார்த்திகை கழிந்ததும் அவர் கோமதியின் வாசலுக்கு வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை, செருப்பையும் கழற்றவில்லை.

“சொல்ல நாக்கு வரமாட்டேங்கு, தாயி” என்றார். “ரெண்டு வீடும் ஒரே துக்கத்துல இருக்கு. அப்ப ரெண்டும் பங்காளி. பங்காளின்னா வடிவும் தளவாயும் அண்ணன் தங்கச்சி. தாலி கட்டலாமா?”

“அப்படி ஒரு வழியும் இல்லன்னு நீங்கதான சொன்னிய அண்ணாச்சி?”

“எனக்குத் தெரிஞ்ச வழில இல்ல. எனக்குத் தெரியாத வழி அடுப்புக்குத் தெரியுது. நானா சொல்லுதேன்? அடுப்புல்லா சொல்லுது.”

அவர் கண்ணில் சந்தோஷம் இருக்கிறதா என்று வடிவு கதவிடுக்கில் நின்று தேடினாள். இல்லை. இருந்திருந்தால் அவளுக்குச் சண்டை போடுவது எளிதாக இருந்திருக்கும்.

அன்று மினிபஸ் அவள் நிறுத்தத்தில் நின்றது, எல்லோரும் இறங்கினார்கள், அவள் இறங்கவில்லை.

“ஐயா எங்கிட்டயும் சொல்லிட்டாவ” என்றான் தளவாய், கண்ணாடியில் அவளைப் பார்த்தபடி. “உன்னைத் தங்கச்சின்னு கூப்பிடச் சொல்லுதாவ.”

“கூப்பிடுங்க பாப்போம்.”

“வாய் வருமா எனக்கு?”

“வராதுல்லா. அப்ப சும்மா பஸ்ஸ எடுங்க. எனக்கு வேலைக்கு நேரமாவுது.” இறங்கி நாலு எட்டு நடந்தபிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது, அதுவும் சரளை மண்ணைப் பார்த்து நடப்பதுபோலக் குனிந்துகொண்டதால் யாருக்கும் தெரியவில்லை.

மார்கழியில் ஆய்வுக்கூடத்திலிருந்து முடிவு வந்தது. ஊர் மக்கள் சிலரிடமும் எச்சில் வாங்கிப் போயிருந்தார்கள், அதையும் சேர்த்துப் பார்த்திருந்தார்கள். ஃபரீதா அதை ஊரில் வைத்தே சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தாள். ரேஷன் கடைக்கு முன்னால் ஜமுக்காளம் விரித்தார்கள். எரிகிற வீட்டார், எரியாத வீட்டார், சூளைக்காரர்கள், உபதேசியார், லீவு போட்டுவிட்டு வந்த மெக்கானிக் ஜெபராஜ் எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

“நம்ம ஒடம்புல நெறைய வழிகள் கலந்து கெடக்கு” என்றாள் ஃபரீதா. “எல்லாத்தையும் பிரிச்சுச் சொல்ல முடியாது. ஆனா ஒரு வழி மட்டும் கலக்காம வரும். அது அம்மாகிட்ட இருந்து பிள்ளைக்கு வர்றது. மகனுக்கும் வரும், மகளுக்கும் வரும். மகனோட அது நின்னுடும், அவன் பிள்ளைகளுக்குப் போகாது. மகளுக்கு வந்தது அவ பிள்ளைகளுக்குப் போகும். அந்தத் தாழிக்குள்ள இருந்தவங்களோட தாய்வழி இந்த ஊர்ல இன்னும் இருக்கு. ரெண்டு தெருவுலயும் இருக்கு. வெளியூர்லயும் இருக்கு, வடக்கேயும் இருக்கு. எங்கிட்டயும் இருக்கு.”

செய்யதுதான் கேட்டார். “நான் டீ ஊத்திக் கொடுத்தவிய எல்லாம் அந்தம்மா பெத்த பிள்ளையா?”

“அப்படித்தான் வச்சுக்கணும். நேரா அவங்க வயித்துலயா, அவங்க அக்கா தங்கச்சி வயித்துலயான்னு சொல்ல முடியாது.”

“அக்கா தங்கச்சின்னாலும் தாய்தான” என்றார் கைலாசம். அவர் முகம் இறுகிப்போயிருந்தது. “ஆச்சுல்லா. ரெண்டு வீடும் ஒண்ணுன்னு மேடமும் சொல்லியாச்சு. தாய்வழியா இருந்தா என்ன, தகப்பன்வழியா இருந்தா என்ன. ஒருதாய் மக்கள்.”

கோமதி மகளின் கையைப் பிடிக்கப் போனாள். வடிவின் கை அங்கே இல்லை. அவள் எழுந்து நின்றிருந்தாள். அவள் மனம் ஃபரீதா சொன்னதில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அதைவிட்டு நகராமல் நின்றது: மகனோடு நின்றுவிடும். பிள்ளைகளுக்குப் போகாது. அப்படியானால் அது வீட்டுக்கு உரியதல்ல. கைலாசத்தின் வீட்டில் அடுப்படியில் நிற்பவள் அவருடைய மூத்த மருமகள் பூரணம், புருஷன் மஸ்கட்டில் இருக்கிறான், அவள் ஏரலில் இருந்து வந்தவள். தளவாயின் அம்மா செண்பகம் செத்து வெகுகாலமாகிறது.

“மாமா” என்றாள் வடிவு. நிச்சயம் ஆனபிறகு அவள் அவரை அப்படித்தான் கூப்பிட்டாள், கார்த்திகைக்கு அப்புறமும் மாற்றிக்கொள்ளவில்லை. “உங்க வீட்டு அடுப்ப யாரு பத்த வச்சுப் பாத்தா?”

“இது என்ன கேள்வி. பூரணந்தான்.”

“வேற யாரும்?”

“வேற யாரு இருக்கா வீட்ல? நானும் தளவாயும்தான்.”

“நீங்க பத்த வச்சுப் பாத்தியளா? அவிய பத்த வச்சுப் பாத்தாவளா?”

முதலில் ஆண்கள் சிரித்தார்கள். ஆறு மாதமாக ஊரில் பாதி வீட்டில் அடுப்பு எரியவில்லை, டீக்கடையில் ஒரு ஆண் எரிக்கிறான், பரம்புக் கூடாரத்தில் வாட்ச்மேன் எரிக்கிறான், விசேஷ வீட்டில் சமைக்க வருகிற தவசுப்பிள்ளை எரிக்கிறான், இருந்தும் வீட்டு அடுப்பின் அருகே போய் ஒரு குச்சியைக் கிழித்துப் பார்க்கலாம் என்று ஊரில் ஒரு ஆணுக்கும் தோன்றவில்லை, அவர்கள் செய்யலாம் என்று ஒரு பெண்ணுக்கும் தோன்றவில்லை. இது மெல்ல மெல்ல உறைத்தபோது சிரிப்பு முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்கு அணைந்துகொண்டே போயிற்று. கடைசியில் பின்னாலிருந்து பூரணம் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தாள், அவளால் நிறுத்த முடியவில்லை.

கூட்டம் ஜமுக்காளத்தை அப்படியே போட்டுவிட்டுக் கைலாசத்தின் வீட்டுக்குப் போயிற்று. அடுப்படிக்குள் கொண்டவர்கள் உள்ளேயும், கொள்ளாதவர்கள் ஜன்னலிலும் நின்றார்கள். மேலத்தெரு வீட்டின் அடுப்படிக்குள் கீழத்தெருக்காரர்கள் நிற்பதை யாரும் கவனிக்கவில்லை, எல்லோர் கண்ணும் தளவாயின் கையில் இருந்தது. மலைப்பாதையில் மினிபஸ்ஸை ஒரு கையால் திருப்புகிறவன், லைட்டரைத் தலைகீழாகப் பிடித்திருந்தான்.

“கொழுந்தனாரே, அதைத் திருப்பிப் பிடிக்கணும்” என்றாள் பூரணம். “குமிழ அந்தப் பக்கமில்ல, அமுக்கிட்டு இந்தப் பக்கம்.”

“இதையா?”

“அது சின்ன அடுப்புக்கு உள்ளது. ஒம்பது வருசமா நான் பொங்கினதத்தான சாப்பிடுதிய.”

அவன் அமுக்கினான், திருகினான். வாயு சீறியது. லைட்டர் ஒருதடவை சொடுக்கியது, ஒன்றுமில்லை. வடிவு ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தாள், கம்பி குளிர்ந்திருந்தது. அவன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்துவிட்டு மறுபடி சொடுக்கினான்.

அடுப்பு பற்றியது. வட்டம் முழுக்க, ஒரு துளை விடாமல், நீலமாக. தளவாய் கையை இழுத்துக்கொள்ளத் தெரியாமல் இழுத்ததில் புறங்கை மயிர் பொசுங்கி நாறியது.

கைலாசம் முன்னால் வந்து, அடுப்பை அணைத்தார், மகன் கையிலிருந்து லைட்டரை வாங்கினார், தானே சொடுக்கினார். பற்றவில்லை. மறுபடி, மறுபடி. பற்றவில்லை. அவர் லைட்டரைத் திண்டில் வைத்துவிட்டு அரிசிப்பானையில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“எங்கம்மை வழி நான்” என்றார். “அவன் அவங்கம்மை செண்பகத்தோட வழி. ஒரே வீட்டுக்குள்ள ரெண்டுபேரு ரெண்டு வழி. நான் தகப்பன் பேரை வச்சே எண்ணிக்கிட்டு வந்திருக்கேன். பொம்பளைய எண்ணவே இல்ல.” பிறகு தலையைத் தூக்கி, பத்திரிகை எழுதும்போது வருகிற குரலில், ஒவ்வொரு சொல்லாக வைத்துச் சொன்னார். “பத்தாத கை, அவ பிள்ளைக கை. தாய் கிடக்கயில பிள்ளை அடுப்பு மூட்டாது. பத்துத கை யாரு கை? துக்க வீட்டுக்குச் சோறு கொண்டு வாரவன் கை. அவ பொறந்த வீட்டுக் கை. அண்ணன் தம்பி கை. அப்ப வடிவுக்கு அவன் மாமன் வழி.”

“மாமன் வழின்னா கட்டலாமா அண்ணாச்சி?” என்று கோமதி கேட்டாள்.

“கட்டலாமாவா? கட்டாம வேற யாரு கட்டுவா.”

அந்தச் சாயங்காலம் ஊரில் ஆண்கள் எல்லாரும் அவரவர் வீட்டு அடுப்படிக்குள் போனார்கள். சிலர் வீட்டில் பற்றியது, சிலர் வீட்டில் பற்றவில்லை, புருஷனுக்குப் பற்றாமல் பெண்டாட்டிக்குப் பற்றிய வீடு இருந்தது, அண்ணன் தம்பி நாலுபேருக்கும் பற்றிய வீடு இருந்தது. சிலர் பற்றவைத்துவிட்டு அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றார்கள், பக்கத்தில் நின்று தண்ணீர் வை, பருப்பைப் போடு என்று சொல்லவேண்டியிருந்தது. குழம்பு அடிப்பிடித்த வாடை இரண்டு தெருவிலும் ஒரேமாதிரி வீசியது. ஜெபராஜ் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சுனிதாவின் கொட்டகைக்குப் போய், “அக்கா, அன்னைக்கு அடுப்புக் கோளாறுன்னு சொன்னது தப்பு, கோளாறு நாந்தான்” என்று சொல்லிவிட்டு வந்தான்.

தாய்க்குச் செய்யவேண்டியதைச் செய்யாமல் இருக்கக்கூடாது என்று முடிவாயிற்று. எலும்பை எடுத்துக் கொளுத்தவோ வேறு இடத்தில் புதைக்கவோ ஃபரீதா சம்மதிக்கவில்லை. அவள் உட்கார்ந்த இடத்திலேயே உட்காரட்டும், மேலே கூரை இருக்கட்டும், பெற்றவளை யாரும் வீட்டைவிட்டு நகர்த்துவதில்லையே என்றாள். அது எல்லோருக்கும் சரியாகப் பட்டது. ஆனால் செத்துப்போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச்சேலை வரவேண்டும். அது வராமல் அவள் போகமாட்டாள். இத்தனை காலம் வராமலேதான் அவள் அங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று கோமதி சொன்னாள்.

பற்றுகிற கைக்காரர்கள் மினிபஸ்ஸை எடுத்துக்கொண்டு திருநெல்வேலிக்குப் போனார்கள். நிறத்தில் சண்டை வந்தது. வயதானவளா சின்ன வயசா என்று தெரியாமல் எப்படி எடுப்பது என்று ஃபரீதாவுக்கு ஃபோன் போட்டார்கள். முப்பது முப்பத்தஞ்சு இருக்கும் என்று அவள் சொன்னதும், அத்தனை பேரும் அதுவரை பிரித்துப்போட்டிருந்த மங்கல் நிறங்களை ஒதுக்கிவிட்டு, அரக்கு பார்டர் போட்ட மாந்தளிர் நிறத்தை எடுத்தார்கள்.

மறுநாள் விடியற்காலம் பரம்பில் இரண்டு வரிசையாக நின்றார்கள். பிள்ளைகள் ஒரு பக்கம், பிறந்த வீடு ஒரு பக்கம். பிள்ளைகள் வரிசையில் கைலாசம் தலையை மழித்துக்கொண்டு ஈர வேட்டியோடு நின்றார், பக்கத்தில் உபதேசியார் மனைவி, அவளுக்கடுத்துப் பூரணம், ஜெபராஜ், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்ட சுனிதா, வடிவு, கோமதி. ஃபரீதா கேமராவை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து கடைசியில் நின்றாள். எதிர்வரிசையிலிருந்து தளவாய் தட்டில் சேலையோடு வந்தான். மகனென்று பார்க்காமல், தாய்மாமனிடம் வாங்குவதுபோலக் குனிந்து இரண்டு கையாலும் கைலாசம் அதை வாங்கினார். அவர் தோள் குலுங்கியது. சொந்த அம்மா செத்தபோதுகூட அவர் அழுததில்லை என்று பிறகு சொன்னார்கள். வடிவு குழிக்குள் இறங்கி, பதறாத கையால், தாழியின் வாயைச் சுற்றி அந்தச் சேலையைப் போர்த்தினாள்.

அவர்கள் திரும்பி நடந்தபோது ஊருக்கு மேலே புகை எழும்பியிருந்தது. வீட்டில் விட்டுவந்த பெண் பிள்ளைகள் சும்மா கேஸ் அடுப்பையும் கொல்லை விறகடுப்பையும் பற்றவைத்துப் பார்த்திருக்கிறார்கள், எல்லா வீட்டிலும் பற்றியிருக்கிறது.

தையில் கல்யாணம் நடந்தது. பத்திரிகையில் பெயர்களின் வரிசை அதுவரை இல்லாத அளவுக்கு நீண்டது, கைலாசம் எல்லாருக்கும் முறை கண்டுபிடித்துப் போட்டிருந்தார். ஃபரீதாவின் பெயர் பெண்ணுக்குப் பெரியம்மா என்ற இடத்தில் இருந்தது, சுனிதாவின் பெயர் சித்தி என்ற இடத்தில். மறுவீடும் விருந்தும் முடிந்து வீடு அதன் பழைய ஓட்டத்துக்கு வந்தது.

ஒரு காலை வடிவு எழுந்து கூந்தலை முடிந்துகொண்டே அடுப்படிக்கு வந்தபோது பால் பொங்கி வழிந்து கொண்டிருந்தது. முள்முள்ளாக முடி முளைத்த தலையோடு கைலாசம் குமிழை எந்தப் பக்கம் திருகுவது என்று ஒரு கணம் யோசித்து, திருகி, தோள்துண்டால் மேடையைத் துடைத்தார். வடிவு அவரைத் தாண்டிக் கையை நீட்டிச் சீனி டப்பாவை எடுத்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். அவர் டீயை ஆற்றி, முதல் டம்ளரை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். மகளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்த பூரணம் ரிப்பனைப் பல்லில் கடித்தபடி, தலையைத் தூக்காமலே ஒரு கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள்.